முள் இல்லாத சுண்டை

அந்த அக்காவுக்குப் பெயர்களின் மேல் நம்பிக்கை கிடையாது.

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில், பிள்ளைக் காம்பராவில் அவர் ஆயாவாக இருந்தார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் அங்கே வழங்கிய பெயரையே இங்கேயும் வைத்துக்கொண்டார்கள். தகரக் கூரை, ஒரு நீள் அறை, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், மூலையில் கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு. என் கணவர் எஸ்டேட் ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருந்ததால் நாங்கள் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அல்லாமல் சற்று மேலே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஆனாலும் என் மகளை அங்கேதான் விட்டேன்.

அவர் ஒரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நெற்றித் தழும்பு, பூனைக்கண்ணு, ரெட்டைச் சுழி என்றுதான் அழைப்பார். என் மகள் எதையும் இடது கையால் எடுப்பாள். அவள் 'எடது கைக்காரி'. ஆசையாகத் தேடிப் பெயர் வைத்த எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பேரு எத்தன பேருக்கு வேணா இருக்கும் தங்கச்சி. இந்த லயத்துலயே எத்தன பிரியா இருக்குன்னு எண்ணிப் பாருங்க. தழும்பு ஒருத்திக்குத்தான் இருக்கும்" என்றார்.

ஒல்லியான உடம்பு. ஆண்கள் போடும் பழுப்பு ஸ்வெட்டர் ஒன்றை எல்லாப் பருவத்திலும் போட்டிருப்பார். அதன் முழங்கைகளில் வேறு நிறக் கம்பளியால் ஒட்டுப் போட்டிருக்கும். சிரிப்பது குறைவு. பிள்ளைகள் அதற்காக அவரைக் கண்டு பயந்ததும் இல்லை.

எஸ்டேட் மருந்தகம் மூடப்பட்ட பிறகு பெண்கள் காய்ச்சல் மருந்தை வீட்டிலிருந்து கொண்டு வந்து கொடுப்பார்கள். பழைய பாட்டில், அதில் பாதி கிழிந்த லேபிள். அவர் லேபிளைப் படிக்கக்கூடச் சொல்ல மாட்டார். ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் பிள்ளைக்குக் கொடுப்பார். கொழுந்துக்கு நேரமாகிறது என்று தாய்மார்கள் திட்டுவார்கள்.

"காய்ச்ச மருந்துன்னு எழுதித்தான இருக்கு? நான் என்ன வெசத்தையா கொண்டாந்து தர்றேன்?"

"எழுதினவன் இங்க இல்லியே. நீ போ. நான் குடுத்துக்கிறேன்."

மேட்டுப்பாளையத்திலிருந்து என் தம்பி ஒருமுறை வந்தான். நான் வீட்டில் இல்லாததால், குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம் என்று முறுக்குப் பொட்டலத்துடன் நேராகப் பிள்ளைக் காம்பராவுக்குப் போயிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது தூறலில் நனைந்துகொண்டு வெளியே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"தாய்மாமன்னு சொல்றேனுங்க, உள்ளயே விட மாட்டேங்குறாங்க. உம் பொண்ணும் என்னப் பாத்து வீல்னு கத்துறா. ஏனுங்கக்கா, இது பிள்ளைங்க இருக்கற ஊடா, ஜெயிலா?" என்றான் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து.

அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டே பதில் சொன்னார். "தாய்மாமன்னு யாரு வேணா சொல்லலாங்க. பிள்ள ஓடி வந்து உங்க காலக் கட்டியிருந்தா நான் ஏன் நிறுத்துறேன்? அடிக்கடி வந்து போங்க."

தம்பி அன்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு மாதம் தவறாமல் வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் தேயிலை விழுந்த காலத்தில் நடந்தது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல், சிறு விவசாயிகள் பறித்த கொழுந்தை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் எஸ்டேட்டில் முதலில் வேலை நாட்களைக் குறைத்தார்கள். பிறகு ஃபேக்டரி நின்றது. ஆண்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். என் கணவரும் பனியன் கம்பெனி ஒன்றுக்குப் போனார். நான் ப்ளஸ் டூ படித்தவள் என்பதால் குன்னூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. லயத்துப் பெண்கள் கேரட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். பிள்ளைக் காம்பராவை மூடிவிட்டதாக ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். அக்கா மட்டும் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் எங்களில் யாரும் வேலைக்குப் போயிருக்க முடியாது.

கவனிக்க ஆளில்லாத தேயிலை மலை எவ்வளவு சீக்கிரம் காடாகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். கவாத்து வெட்டாத செடிகள் ஆள் உயரத்துக்கு எழுந்து பூத்தன. களையெடுக்காத சந்துகளில் எங்கிருந்தோ ஒரு புதிய மரம் கிளம்பியது. போன மழைக்கு முளைத்தது அடுத்த மழைக்குள் தலைக்கு மேல் நின்றது. புகையிலையைப் போல அகலமான, சாம்பல் பூத்த இலைகள். தொட்டால் கம்பளித் துணி. வருடம் முழுவதும் ஊதாப் பூக்கள். நுனியில் கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய் அளவில் காய்கள். பச்சையாக இருந்து மங்கிய மஞ்சளாகப் பழுக்கும். பறவைகள் பழத்தைத் தின்று போகும் இடமெல்லாம் அது முளைத்தது. பிறகு ஒரு கல்லூரி ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: தென் அமெரிக்காவிலிருந்து வந்து உலகத்தின் பல மலைகளில் தானாகவே குடியேறிவிட்ட மரமாம். கத்தரி, தக்காளி, சுண்டை எல்லாம் அதற்குப் பங்காளிகளாம். அன்றைக்கு லயத்தில் எல்லோரும் அதைச் சுண்டை மரம் என்றுதான் சொன்னார்கள்.

கீழ்நாட்டிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ஒரு பெண், அந்தக் காய்களை ஒரு முறம் நிறையப் பறித்து, கீறி, மோரில் போட்டு, வத்தலுக்காக வெயிலில் வைத்திருந்தாள். அக்கா அந்த வழியாகப் போனவர், முறத்தைக் கவிழ்த்து, காய்களைக் காலால் தேய்த்தார்.

"என்னங்க இது? பைத்தியமா உங்களுக்கு?" அந்தப் பெண் ஓடி வந்தாள். "இந்த மலைய உங்களுக்குத் துரை எழுதிக் குடுத்துட்டாரா? சும்மா கெடக்குற காயப் பறிச்சா உங்களுக்கு எங்க வலிக்குது?"

"இது என்ன காயி?"

"சுண்டக்கா. கண்ணு தெரியலியா?"

"முள்ளக் காட்டு."

"என்னது?"

"சுண்டையில முள்ளு இருக்கும். மரத்துல ஒரு முள்ளக் காட்டு, நானே உனக்கு வறுத்துத் தர்றேன். சுண்டை வெள்ளையாப் பூக்கும், இது ஊதா. சுண்டக்கா வழவழன்னு இருக்கும், இதத் தடவிப் பாரு, பூனமுடி. காம்பு அடியில காது மாதிரி ரெண்டு குட்டி எல இருக்கு பாரு. அது சுண்டையில கெடையாது. எலயக் கசக்கி மோந்து பாரு."

கூடியிருந்த பெண்களில் ஒருத்தி கசக்கி மோந்தாள். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. இலைமேல் இருந்த ரோமத்தூள் மூக்கில் ஏறி இருமினாள், மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப இது என்னக்கா?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது."

"விஷமா?"

"சுண்டை இல்ல. எனக்கு அவ்வளவுதான் தெரியும்." கவிழ்த்த முறத்தை எடுத்து, குழாயில் கழுவி, அந்தப் பெண்ணின் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பிள்ளைக் காம்பராவைச் சுற்றி அந்த மரம் எங்கே முளைத்தாலும் பிடுங்குவது அவருடைய தினசரி வேலையாக இருந்தது. கன்றுகள் லேசாக வந்துவிடும். பின்பக்க வேலி ஓரத்தில் மட்டும் ஒன்று, அதற்கு முன்பே கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டிருந்தது. அதை வெட்டித் தரச் சொல்லிப் பார்ப்பவர்களை எல்லாம் கேட்பார். வெட்டுகிற ஆண்கள் எல்லோரும் திருப்பூரில் இருந்தார்கள்.

இப்போது என் மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். போனில் வயிறு சரியில்லை என்று சொன்னால் போதும், என் குரல் மாறிவிடுகிறது. என்ன சாப்பிட்டாய், எங்கே சாப்பிட்டாய், மிச்சம் இருக்கிறதா, போட்டோ எடுத்து அனுப்பு என்று அடுக்குகிறேன். "அம்மா, நான் சின்னப் பிள்ளை இல்லை" என்று அவள் எரிச்சலடைகிறாள். அவளுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. எனக்கு இருக்கிறது.

அன்று ஜவுளிக்கடைக்கு வார விடுமுறை. துணிகளைத் துவைத்து முடிக்கும்வரை அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்தேன். லயத்துக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். குழந்தையின் சட்டை முழுக்க வாந்தி. உதடு வெளுத்திருந்தது. இடது கை இன்னும் மூடியிருந்தது. விரித்துப் பார்த்தால் நசுங்கிய மஞ்சள் பழம்.

"அட, சுண்டக்காதான?" என்றாள் குழாயடியில் இருந்த ஒருத்தி. "மோரக் குடு, சரியாப் போயிரும்."

"பேரு சொல்லாதீங்க" என்றார் அக்கா. அவர் அப்படிக் கத்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்தார். "பஸ்ஸு வர்ற நேரம். ரோட்டுக்கு ஓடுங்க. மத்தப் பிள்ளைங்கள யார்கிட்டயாவது விட்டுட்டு நான் வந்துர்றேன்."

குழாயடியில் இருந்த ஒருத்தியும் என்னுடன் ஓடி வந்தாள். பஸ் வளைவில் திரும்பியபோது அக்கா வந்து சேர்ந்தார். கொழுந்துச் சாக்கு ஒன்றில் இலையும் பூவும் காயுமாக ஒரு பெரிய கிளையைச் சுருட்டிக் கட்டிப்பிடித்திருந்தார். உள்ளே ஏறியதும் பக்கத்தில் இருந்தவர்கள் இரும ஆரம்பித்தார்கள்.

கண்டக்டர் வந்தார். "ஏனுங்கக்கா, ஆட்டுக்குத் தழைங்களா? இதையெல்லாம் டாப்புல போடறதுங்க. எல்லாருக்கும் கண்ணு எரியுதுல்ல?"

"டாக்டருக்கு."

"டாக்டரு தழை திங்கறாருங்களா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குள் என் மடியில் குழந்தை மறுபடியும் வாந்தி எடுத்தாள். கண்டக்டர் அவளைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். ஆஸ்பத்திரி வரும்வரை பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. நான் அவளுடைய கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தூங்க விடக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பயம் சொன்னது.

டாக்டர் இளம்பெண். குழந்தையைப் படுக்க வைத்துக் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே, "என்ன சாப்பிட்டா?" என்றார்.

"சுண்டைக்காய்..." என்று என் வாயிலேயே வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சாக்கை அவிழ்த்துக் கிளையை மேசையின் மேல் வைத்தார்.

"இது. பேரு எனக்குத் தெரியாதுங்க டாக்டர். சுண்டை மாதிரி இருக்கும், சுண்டை இல்ல. பழுத்தத் தின்னுருக்கா. காயும் தின்னாளான்னு தெரியல."

டாக்டர் ஒரு காயை நசுக்கிப் பார்த்தார். நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு, "இது சேராதுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு? இதுக்கு முன்னால யாராவது சாப்பிட்டுப் பார்த்திருக்கீங்களா? என்னென்ன ஆச்சுன்னு சொல்லுங்க. இவளுக்கு அது உதவும்" என்றார்.

அக்கா மேசையில் உதிர்ந்த காய்களைக் கையால் கூட்டி ஒதுக்கினார். ஊசி போட வந்த நர்ஸ், கட்டிலருகே எங்களுடன் வந்திருந்த லயத்துப் பெண் ஒருத்தி, நான், எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னார்.

"எம் பிள்ள சாப்பிட்டுச்சுங்க. நான் ஆக்கிக் குடுத்தேன். நாங்க முன்ன கீழ சேரங்கோட்டுப் பக்கம் இருந்தோம். அங்க லயத்துக்குப் பின்னால சுண்டை நிறைய நிக்கும். அப்புறம் மேல வேற தோட்டத்துக்கு வந்தப்போ இதப் பாத்தேன். முள்ளு இல்லியேன்னு அப்பவே தோணிச்சு. இந்தக் குளிருக்கு முள்ளு வரல போலன்னு நெனச்சேன். பூவு நிறம் மாறினதும் குளிருக்குத்தான்னு நெனச்சேன். கொழம்பு வெச்சேன். மொதல்ல வாந்தி. அப்புறம் வயித்தப் புடிச்சிக்கிட்டு அழுதா. அழுறது நின்னுச்சு, தூங்கிட்டே இருந்தா. எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் வாந்தியோட போச்சு. அவளுக்குத் தாங்கல. என்ன தின்னான்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் சுண்டக்கா கொழம்புன்னுதான் சொன்னேன்."

அழவில்லை. டாக்டர் அவர் சொன்னதை மறுபடி ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்: தூக்கம் எப்போது வந்தது, மூச்சு எப்படி இருந்தது என்று. "நீங்க கிளையோட வந்தது நல்லதாப் போச்சு" என்றார். அன்று இரவு முழுவதும் என் மகளுக்குக் குளுக்கோஸ் ஏறியது. விடியும் நேரத்தில் தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் மாலை எஸ்டேட்டுக்குத் திரும்பினோம். எங்களுக்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. குழாயடியில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"பெத்த பிள்ளைக்கே வெசத்த ஆக்கிப் போட்டவளாம். அவகிட்டயா நம்ம பிள்ளைங்கள விட்டுட்டுப் போனோம்?"

"தெரியாமத்தான செஞ்சாங்க?" என்றேன்.

"தெரியாமச் செஞ்சா பிள்ள பொழச்சிருமா? இப்பயும் தெரியாமத்தான உம் பிள்ள தின்னுச்சு?"

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர்களை விலக்கி மேலே நடந்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில் ஒருத்தி தன் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கேரட் தோட்டத்துக்குப் போனாள். இரண்டு பேர் வேலைக்கே போகவில்லை. அன்றும் போகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கடையில் சொல்லிவிட்டிருந்தார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தொட்டில்கள் எல்லாம் சுருட்டி மேலே கட்டப்பட்டிருந்தன.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க தங்கச்சி."

"எனக்குக் கடைக்கு நேரமாகுதுக்கா."

"சொன்னாக் கேளுங்க." எழுந்து என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வேலி ஓரத்தில் அந்த உயரமான மரம் இல்லை. அடியில் வெளுத்த கட்டை மட்டும் நின்றது. பக்கத்தில் கவாத்துக் கத்தி. மரம் பிள்ளைகள் விளையாடும் புல்லின் மேல் நீளமாகக் கிடந்தது. பழக்கொத்துகள் என் முழங்கால் உயரத்தில் இருந்தன.

"யாரும் வரலன்னு அன்னிக்குக் காலையில நானே வெட்டுனேன். சாச்சிட்டு, இழுத்துப் போடக் கயிறு எடுக்க உள்ள போனேன். அந்நேரத்துக்குள்ள இவ வந்துட்டா." ஒரு கொத்தைக் காலால் தள்ளினார். "நின்ன மரத்துல எட்டாது தங்கச்சி. இத்தன நாளும் எட்டல. நான் சாச்சுப் போட்டதாலதான் எட்டுச்சு."

நான் மகளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன். பிறகு, "இத யாரும் கேக்கலியேக்கா. எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?" என்றேன்.

"பிள்ள உங்களுது."

கீழே ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. என் மகள் என் தோளிலிருந்து அவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸில் வேறு யாரும் இல்லை. ஊரில் இருக்கும் என் அம்மாவை வரவழைக்க எத்தனை நாளாகும் என்று யோசித்தேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அசையாமல் கிடந்ததும், நேரம் பிசகாமல் அக்கா ஓடி வந்ததும், புல்லில் கிடக்கும் இந்த மரமும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எதை வைத்து முடிவு செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொண்டுவந்திருந்த தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தேன்.

"கஞ்சி இருக்குக்கா. டாக்டர் ரெண்டு நாளைக்கு இதுதான் குடுக்கச் சொன்னாங்க. பால் வேண்டாம்" என்றேன்.

கடையில் அன்று நான் எடுத்துப் போட்ட புடவைகளின் நிறம்கூட எனக்குத் தெரியவில்லை. மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, மூடுபனியில் ஓடி வந்தேன். பிள்ளைக் காம்பராவில் விளக்கு இல்லை. கதவு திறந்திருந்தது. வாசலுக்கு நேர் எதிரே, சுவரில் சாய்ந்து அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கிட்டத்தில் போனபோதுதான் தெரிந்தது: தன் சேலை முந்தானையின் நுனியை அவளுடைய பாவாடை நாடாவுடன் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். காலையிலிருந்து அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை. அவருக்காக ஒரு குவளைத் தண்ணீர்கூட மொண்டு வைத்திருக்கவில்லை.

"கஞ்சியச் சுட வைக்கல. ஆறினதத்தான் குடுத்தேன்" என்றார். குரல் வறண்டிருந்தது. "நல்லாக் குடிச்சா."

நான் குழந்தையைத் தூக்கக் குனிந்தேன். அவர் கைகளை இரண்டு பக்கமும் விலக்கித் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"நீங்களே அவுத்துக்கங்க தங்கச்சி."

நாள் முழுக்க இழுபட்டு முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகம் உள்ளே போகவில்லை. கடைசியில் மண்டியிட்டு, பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தேன். அது அவிழும்வரை அவர் அசையவே இல்லை.